ரோமில் கழன்ற குதி

மனைவியைவிட உயரம் குறைந்த ஆணுக்கு உலகத்தில் முதல் எதிரி புகைப்படக்காரன். மற்ற எதிரியை அவனே கடைக்குப் போய்த் தேடி வாங்கிக் காலில் மாட்டிக்கொள்கிறான்.

என் மனைவி மனோன்மணி என்னைவிட உயரம். எவ்வளவு என்று கேட்காதீர்கள். யாழ்ப்பாணத்தில் எங்கள் கலியாணத்தன்று புகைப்படக்காரர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு ஒரு வார்த்தையும் பேசாமல் போய் எங்கிருந்தோ ஒரு பலகையைத் தூக்கிவந்து என் காலடியில் போட்டார். அந்தப் படத்தில் நான் ராசா மாதிரி நிற்கிறேன். பலகை தெரியாது.

பலகையை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுவர முடியவில்லை. ஆனால் கடவுள் கைவிடவில்லை. அது எழுபதுகள். ஆண்பிள்ளைகள் குதி உயர்ந்த சப்பாத்தும், கீழே குடை மாதிரி விரிந்த பெல்பொட்டமும் போட்டுத் திரிந்த காலம். (குள்ளர்கள் கூடித் திட்டமிட்ட நாகரிகமோ என்று எனக்கு இன்றைக்கும் ஒரு சந்தேகம்.) மெல்பேர்ன் நகரத்தில் ஒரு கடையில் அப்படி ஒரு சோடி வாங்கினேன். பழுப்பு நிறம், நடுவில் ஒரு வெள்ளைக் கோடு. அடித்தட்டு செங்கல் தடிப்பு, குதி அதற்கும் மேலே. அந்த உயரத்துக்கு அளவெடுத்து இரண்டு பெல்பொட்டக் களிசான்களும் தைப்பித்தேன். தோளைத் தொடும் தலைமுடி, தாடி, செம்மஞ்சள் நிறத்தில் பெரிய கழுத்துப்பட்டி வைத்த சேர்ட். கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்மேல் மரியாதை வந்தது.

வீட்டுக்குள் வந்தால்தான் சிக்கல். சப்பாத்தைக் கழற்றிய அதே நொடியில் கதிரையில் உட்கார்ந்துவிடுவேன். மனோ சமைக்கக் குசினிக்குள் போன பிறகுதான் எழும்புவேன். இப்படிக் குடும்பம் நடத்திய ஒரே சிவில் எஞ்சினியர் நானாகத்தான் இருக்கும்.

ஓக்லியில் ரோசா என்ற இத்தாலிய அம்மாவின் வீட்டுக்குப் பின்னால் இரண்டு அறைகளில் இருந்தோம். லண்டனில் இருக்கும் என் அக்காவைப் பார்க்கப் போகிறோம், போகும் வழியில் ரோமில் ஓர் இரவு தங்குவோம் என்று சொன்னதும் ரோசா இரண்டு கையையும் தலையில் வைத்தார்.

“ஒரு இரவா? ரோமிலா? ஒரு தெருவைப் பார்க்கவே அது போதாது, மிஸ்டர் சிவா!”

(என் முழுப்பெயர் சிவபாதம். பாதத்துக்குத்தான் ஏதோ நடக்கப்போகிறது என்று பெயரிலேயே எழுதி வைத்திருந்தது, நான்தான் கவனிக்கவில்லை.)

ரோசாவின் ஒன்றுவிட்ட சகோதரி கிளாரா ரோமில் இருந்தார். வெளியூர்க்காரருக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது அவருடைய தொழில். பஸ் இல்லை, கூட்டம் இல்லை. நீங்கள் மட்டும், அவர் மட்டும், கால்நடையாகவே. காலையில் தொடங்கினால் மத்தியானச் சாப்பாட்டுக்குள் முடியும். ரோசாவே எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தினார். கடைசியில் என் காலைப் பார்த்துக் கேட்டார்: “இந்தச் சப்பாத்தோடா?”

“நான் எஞ்சினியர்,” என்றேன். பாரம் எங்கே இறங்கும், எது எதைத் தாங்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும் என்ற அர்த்தத்தில்.

ரோமில் போய் இறங்கிய மறுநாள் காலை எங்கள் விடுதி வாசலில் கிளாரா நின்றார். அறுபது வயதிருக்கும். குள்ளமானவர். (முதல் பார்வையிலேயே பிடித்துப்போயிற்று.) கையில் ஒரு கறுப்புக் குடை. வெயிலுக்குக்கூட அவர் அதை விரித்து நான் பார்க்கவில்லை. வாகனங்களை நிறுத்தத்தான் அது. தெருவுக்குள் இறங்கிக் குடையை நீட்டுவார். கார்கள், ஸ்கூட்டர்கள், ஒரு முறை ஒரு லொறிகூட, கிறீச்சிட்டு நிற்கும். அவர் திரும்பியும் பார்க்கமாட்டார்.

“இன்றைக்கு பஸ் வேலைநிறுத்தம். டாக்சியும் வேலைநிறுத்தம்,” என்றார் சந்தோசமாக. “ரோம் நடப்பதற்காகக் கட்டிய ஊர். வாருங்கள்.”

அந்த அம்மா கதை சொன்ன விதத்தை நான் எப்படிச் சொல்ல! ஆயிரம், இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியவர்களைப் பற்றி அடுத்த வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். “இந்த மாளிகையைக் கட்டியவனுக்கும் எதிர் மாளிகைக்காரனுக்கும் ஆகாது. அதனால்தான் இந்தப் பக்கம் ஒரு யன்னலும் இல்லை, பாருங்கள்.” ஒரு தூணைக் கடக்கும்போது அதைத் தட்டிக்கொடுத்தார். உடைந்த ஒரு சுவரின் மேல் படுத்திருந்த பூனைகளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திருப்பத்துக்குத் திருப்பம் நின்று, “இப்போது கண்ணை மூடுங்கள். இரண்டு அடி வாருங்கள். சரி, திறவுங்கள்,” என்பார். திறந்தால் ஒரு சதுக்கம், அல்லது கடல் மாதிரிப் பொங்கும் ஒரு நீரூற்று, அல்லது காவி நிறச் சுவரில் ஏறிய ஒரு பூங்கொடி. நானும் மனோவும் மூன்று தடவை வாயைத் திறந்தோம். நாலாவது தடவை மூடவே இல்லை.

ஆனால் என் கால்கள் வேறு ரோமில் இருந்தன. அந்த ஊர்த் தெருக்கள் முழுக்கச் சின்னச் சின்னக் கருங்கற்கள் பதித்தவை. ஒவ்வொரு கல்லும் கொழுக்கட்டை மாதிரி மேலே உருண்டிருக்கும். என் செங்கல் சப்பாத்துக்கு அவற்றில் நிற்க இடம் கிடைக்கவில்லை. வலது கால் ஒரு பக்கம் சரியும், இடது கால் மறுபக்கம் சரியும். கிளாராவின் பின்னால் நான் காவடி எடுத்தவன்போல ஆடி ஆடிப் போனேன்.

“கால் நோகுதே?” என்று கேட்டாள் மனோ.

“சேச்சே. பாட்டுக்கேத்த மாதிரி நடக்கிறன்.”

“என்ன பாட்டு?”

நல்லவேளையாக அப்போது பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயில் வந்துவிட்டது. (பெயரைக் கேட்டதும் மனோ என் காதுக்குள், “பாண்டியன்ரை கோயிலே? இஞ்சையும் வந்தவையளே?” என்றாள்.) உள்ளே நுழைந்தோம். மெல்பேர்னில் என் தொழில் கொங்கிரீட் வடிகால் வரைவது. கம்பி இல்லாமல் ஒரு சின்ன மதகுகூட நான் போட்டதில்லை. இங்கே கம்பியே இல்லாத கொங்கிரீட் கூரை, ஆகாயம் மாதிரி வளைந்து, தலைக்கு மேல் அத்தனை நூற்றாண்டுகளாக நிற்கிறது. அதன் உச்சியில் வட்டமாக ஒரு திறப்பு. அதற்குள்ளால் வெயில் ஒரு தூண்போல இறங்கிச் சுவரில் படிந்திருந்தது.

“மழை பெய்தால்?” என்றேன்.

“உள்ளே பெய்யும்,” என்றார் கிளாரா. “தரையில் ஓட்டைகள் இருக்கின்றன. தண்ணீர் போய்விடும்.”

வடிகால்! எனக்குக் கண் கலங்கியது. தரையில் அந்த ஓட்டைகளைப் பார்த்தேன், பிறகு மேலே பார்த்தேன், இன்னும் மேலே, திறப்பின் விளிம்பு எப்படிப் பிடித்து நிற்கிறது என்று பார்ப்பதற்காக முடிந்தமட்டும் பின்னால் வளைந்தேன். என் எடை முழுவதும் வலது குதியில் இறங்கியது. அந்தக் கட்டடத்துக்குள் டக் என்ற ஒரு சத்தம் எத்தனை தரம் எதிரொலிக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். எதிரொலி அடங்கியபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். குதி தனியாக உருண்டுபோய் ஒரு ஜெர்மன் குடும்பத்தின் நடுவில் நின்றது.

மனோ முதலில் பயந்தாள். எனக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டாள்.

வெளியே வந்தோம். ஒரு கால் உயரம், ஒரு கால் பள்ளம். கிளாரா ஒரு பெரிய மருத்துவரைப்போல நிலைமையை ஆராய்ந்தார். சப்பாத்துக்கடைகள் மத்தியான இடைவேளைக்குப் பூட்டத் தொடங்கிவிட்டன. மறுபடி திறக்க மாலையாகும். டாக்சி இல்லை. விடுதி தூரம். “இடது குதியையும் உடைத்துவிட்டால் சமமாகிவிடும்,” என்றார். நியாயமான பொறியியல். சப்பாத்தை வாங்கிப் படியில் ஓங்கி அடித்தார். உடையவில்லை. நான் அடித்தேன். வழியில் போன ஒரு பொலிஸ்காரர் நின்று பார்த்து, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் அடித்தார். படியில் ஒரு துண்டு பெயர்ந்ததே தவிர அந்தக் குதி அசையவில்லை. வலது சப்பாத்தைச் செய்தவன் வேறு ஆள்போலிருக்கிறது.

“வெறுங்காலோடை வாறன்,” என்றேன் வீராப்பாக. “கோயில் வீதி சுத்தின கால்.”

சுத்தின கால்தான். ஆனால் மெல்பேர்ன் வந்து காலுறைக்குள் கிடந்து அது இட்டலிபோல மெத்தென்று ஆகிவிட்டிருந்தது. கோடை வெயிலில் அந்தக் கருங்கற்கள் தோசைக்கல் மாதிரிக் கொதித்தன. அதோடு இன்னொரு துன்பம்: உயரச் சப்பாத்துக்கு அளவெடுத்த பெல்பொட்டம் இப்போது தெருவைக் கூட்டத் தொடங்கியது. இரண்டு கையாலும் களிசானைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சேலை நனையாமல் வெள்ளத்தைக் கடக்கும் பெண்ணைப்போல, ரோமாபுரி வீதியில் துள்ளித் துள்ளி ஓடினேன்.

அந்த ஊரில் தெருவோரங்களில் இரும்புக் குழாய்கள் இருக்கும். பூட்டுவதே கிடையாது, இரவும் பகலும் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். முதலில் கண்ட குழாயடியில் உட்கார்ந்து காலை நீட்டினேன். கிளாரா தெரிந்த ஒருவரிடம் பழைய செருப்பு கேட்டுப் பார்க்கிறேன் என்று ஒரு சந்துக்குள் போனார். நானும் மனோவும் மட்டும்.

அவள் என் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள். கலியாணத்துக்குப் பிறகு பட்டப்பகலில், வெளியிடத்தில், பலகையும் இல்லாமல் குதியும் இல்லாமல் அவள் என்னைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு எழும்ப மனம் வரவில்லை.

“இஞ்சருங்கோ, ஒண்டு சொல்லட்டே? கோவிக்கக் கூடாது.”

“சொல்லும்.”

“கலியாணப் படத்திலை பலகை தெரியாதுதான். ஆனா நான் பக்கத்திலை நிண்டனான். எனக்குத் தெரியாதே?”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் பெருவிரலையே பார்த்தேன்.

“உங்கடை சப்பாத்தும் காணாது. அதோடையும் நீங்கள் என்ரை காதளவுதான். நீங்கள் கவலைப்படுவியள் எண்டு மெல்பேர்ன் வந்த நாள் தொடக்கம் நான் கூனி நடக்கிறன். முதுகு நோகுதப்பா.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை. உண்மையாகவே முதுகில் கை வைத்திருந்தாள். என் தாய் பெண் பார்த்துவிட்டு வந்து, “நல்ல பிள்ளை, கொஞ்சம் கூனல்தான் இருக்குப் போலை,” என்று சொன்னது நினைவுக்கு வந்தது. என்னைப் பற்றிக் கேள்விப்பட்ட நாளிலேயே கூனத் தொடங்கிவிட்டாளா?

“இனி நிமிந்து நடவும்,” என்றேன்.

“உண்மையாவே?”

“ஓம்.”

மனோ தோளைப் பின்னால் தள்ளி, கழுத்தை நீட்டி, ஒரு பெருமூச்சோடு நிமிர்ந்தாள். நான் அண்ணாந்து பார்த்தேன். அன்று காலை முழுக்க அண்ணாந்து பார்த்துக்கொண்டேதான் வந்தேன். ஆனால் என் வாழ்க்கைக்குள் இப்படி ஒரு கம்பீரம் குனிந்து நடமாடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாக இருந்தது. அழகாக இருந்தாள். அதை அப்போது சொல்லியிருக்கலாம். “சேலை நல்லாயிருக்கு,” என்று மட்டும் சொன்னேன்.

கிளாரா வெறுங்கையோடு திரும்பிவந்தார். செருப்புக் கிடைக்கவில்லை. “ஆற்றுக்கு அப்பால் ஒரு சின்னத் தேவாலயம். நான் ஞானஸ்நானம் பெற்ற இடம். உள்ளே குளிர்ச்சியான பளிங்குத் தரை. உங்கள் காலுக்கு நல்லது,” என்றார். பாலத்தைக் கடந்து போனோம். வாசலில் அதைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் என்னைக் கண்டதும் கையை விரித்து மறித்தார். உள்ளே செபமாலை சொல்லிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பினார்கள். கிளாரா குடையை உயர்த்தி இத்தாலிய மொழியில் படபடவென்று ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது “இந்தியா”, “அவுஸ்திராலியா” என்ற இரண்டு சொற்கள்தான்.

கிழவர் என் வெறுங்காலைப் பார்த்தார். தாடி, தோள்முடி, காவிக்குப் பக்கத்து நிறத்தில் சேர்ட், இரண்டு கையிலும் அங்கிபோலத் தூக்கிப் பிடித்த களிசான். மறித்த கையை மடக்கித் தலை குனிந்தார்.

“என்ன சொன்னீங்கள்?” என்று கிளாராவிடம் கேட்டேன்.

“அவுஸ்திரேலியாவிலிருந்து யாத்திரை வந்தவர் என்றேன். பொய்யா? அங்கிருந்துதானே வந்தீர்கள்?”

நாகரிகத்தின் உச்சியில் இருப்பதாக நினைத்து நான் போட்ட கோலம் ஒரு நொடியில் சாமியார் வேடமாயிற்று. பெண்கள் எழுந்து வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்துத் தன் முழங்காலில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“ஏதாவது சொல்லுங்கள்,” என்று கிளாரா கிசுகிசுத்தார். “உங்கள் மொழியில். சொல்லாவிட்டால் விடமாட்டார்கள். உங்கள் விமானம் போய்விடும்.”

சின்ன வயதில் எத்தனை தேவாரம் பாடமாக்கினேன்! ஒன்றும் வரவில்லை. பயத்தில் தலை வெறுமையாகிவிட்டது. அந்த வெறுமையில், தினமும் காலையும் மாலையும் காதில் விழுந்து ஊறிப்போன ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. வேலைக்குப் போய்வரும் ரயில் நிற்கும் நிலையங்களின் பெயர்கள். தேவார இராகத்தில் இழுத்துத் தொடங்கினேன்:

“ரிச்மண்ட்... சவுத் யாரா... ஹோக்ஸ்பேர்ன்... டூ...ராக்... ஆர்மடேல்... மல்வேர்ன்...”

பெண்கள் சிலுவைக் குறி போட்டார்கள். “கோல்ஃபீல்ட்... கார்னகி...” முரும்பீனாவில் என் குரல் தானாகவே குழைந்தது. அந்தப் பெயருக்குள் அப்படி ஒரு சக்தி இருப்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஹியூஸ்டேலைத் தாண்டி ஓக்லியில் வந்து இறங்கி நின்றேன். எல்லோரும் “ஆமென்” என்றார்கள். மனோவைக் காணவில்லை. ஒரு தூணுக்குப் பின்னால் அவளுடைய தோள்கள் மட்டும் குலுங்கின. ஒரு பெண், அவளும் அழுகிறாள் என்று எண்ணிக் கைக்குட்டை கொடுத்தார்.

விடுதிக்குத் திரும்பி, பெட்டிக்குள் இருந்த குளியலறைச் செருப்போடு லண்டன் போய்ச் சேர்ந்தேன். விடைபெறும்போது கிளாரா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நிறையப் பேருக்கு ரோமைக் காட்டியிருக்கிறேன். ரோமுக்கு ஒருவரைக் காட்டியது இதுதான் முதல் தரம்,” என்றார்.

கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். லண்டனிலிருந்து ஓக்லிக்குத் திரும்பினால் செய்தி எங்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. அந்தக் கிழவியின் முழங்கால் சுகமாகிவிட்டதாம்! முதல் ஞாயிற்றுக்கிழமையே ரோசாவின் பின்முற்றத்தில் அயல் இத்தாலியப் பெண்கள் தக்காளியும் துளசி மாதிரி ஒரு கீரையுமாக வந்து கதிரைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் வடிகால் எஞ்சினியர்,” என்றேன்.

“எவ்வளவு பணிவு!” என்றார் ரோசா.

மனோவைப் பார்த்தேன். நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். “சொல்லுங்கோவன். பாவம், வந்திட்டினம்.”

முன்வரிசையில் பியா என்ற விதவை அம்மா. முழங்காலை நீட்டினார். அவர் கறுப்பு உடுப்போடு கண்ணை மூடிக் காத்திருந்ததைப் பார்க்க எனக்கு மறுக்க மனம் வரவில்லை. விளங்காதபடி வேகமாகவும் மூக்காலும் தொடங்கினேன். ரிச்மண்ட், சவுத் யாரா, ஹோக்ஸ்பேர்ன், டூராக், ஆர்மடேல்...

“மல்வேர்ன்,” என்றார் பியா.

அவருடைய ஒரு கண் திறந்திருந்தது. நகரச் சந்தைக்கு அவரும் அதே ரயிலில்தான் போய் வருகிறார். நான் வாயை மூடிக்கொண்டேன். அவர் நிறுத்தவில்லை. “கோல்ஃபீல்ட். கார்னகி. முரும்பீனா. ஹியூஸ்டேல்.” சற்று நிறுத்தி என்னைப் பார்த்து, “ஓக்லி.”

வீட்டை விட்டு எழுப்பிவிடுவார்கள், நாளைக்கே பெட்டியைக் கட்டவேண்டியதுதான் என்று நினைத்தேன். பிறகு ரோசா, “இது ரயில்!” என்று கத்தினார். அவர் சிரித்த சிரிப்பில் தக்காளிக் கூடை கவிழ்ந்து முற்றமெங்கும் உருண்டது. ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். மனோ தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பியா மட்டும் சிரிக்கவில்லை. எழும்பி, காலை ஒரு தரம் மடக்கிப் பார்த்தார், நீட்டிப் பார்த்தார்.

“பரவாயில்லை,” என்றார். “அடுத்த ஞாயிறும் வருவேன்.”

வந்தார். அவர் உயிரோடு இருந்தவரை வந்துகொண்டேயிருந்தார்.

எங்கள் வீட்டில் யாருக்கு எங்கே நொந்தாலும் பிள்ளைகள், “டாட், டூ த ட்ரெயின்,” என்பார்கள், அப்பா அந்த ரயிலைச் சொல்லுங்கோ என்று. பரீட்சைக்கு முதல்நாள், பல் பிடுங்க முதல்நாள், மகளுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று ஆஸ்பத்திரி நடையில், எல்லாவற்றுக்கும் நான் சொல்லியிருக்கிறேன். இப்போது மகளோடு கிரான்பர்னில் இருக்கிறோம். அதே ரயில் பாதையின் கடைசி நிலையம் அது, அதனால் மந்திரமும் நீண்டுவிட்டது.

போன வருசம் எனக்கே முழங்கால் மாற்றும் சத்திரசிகிச்சை. முடிந்து கட்டிலில் முனகிக்கொண்டு கிடந்தேன். மனோ கதிரையை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இந்த வயதிலும் முதுகு நேர்தான். என் கட்டுப்போட்ட காலில் மெல்லக் கையை வைத்து, கண்ணை மூடி, அதே இராகத்தில் ரிச்மண்டில் தொடங்கினாள். ஓக்லியைத் தாண்டினாள். கிளேட்டனைத் தாண்டினாள். மாத்திரையோடு வந்த நேர்ஸ் பிள்ளை வாசலில் நின்று, குரலைத் தாழ்த்தி, “பிரார்த்தனை செய்கிறாரா?” என்று என்னிடம் கேட்டாள்.

“ஓம்,” என்றேன். இன்னும் டண்டினோங் நிலையமே வரவில்லை. குழப்ப வேண்டாம், கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டினேன்.